பஞ்சுத் திரி மாற்றுவது எப்படி: கையால் கட்டும் வேப் காயில்களுக்கு முழுமையான வழிகாட்டி

வேப் எனப்படும் மின்சிகரெட்டில், காயில் என்னும் கம்பிச் சுருளை நாமே பொருத்திக்கொள்ளும் டேங்க்கோ (லிக்விட்டை நிரப்பி வைக்கும் கலன்) ட்ரிப்பரோ (லிக்விட்டை அவ்வப்போது சொட்டுச் சொட்டாக விடும் வகை) வைத்திருப்பவர்களுக்கு, வாரத்தில் ஒரு தடவையாவது இந்த வேலை வந்துவிடும். கம்பி பல வாரங்கள் உழைக்கும். பஞ்சு அவ்வளவு நாள் தாங்காது. சுவை மங்கும், தொண்டையில் லேசான கரகரப்பு தட்டும், டேங்க்கில் இருக்கும் லிக்விட் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். இதற்காகக் காயிலையே தூக்கிப்போட வேண்டியதில்லை. பழைய பஞ்சை உருவிவிட்டு, கம்பியைச் சுத்தம் செய்து, புதுப் பஞ்சு கோத்தால் போதும். பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். புதுத் திரி போட்ட அன்றைக்கே கருகல் வாடை வரும். இல்லையென்றால் காற்றுத் துளை வழியாக லிக்விட் ஒழுகிக் கையெல்லாம் பிசுபிசுக்கும். இரண்டையும் பல மாதங்கள் அனுபவித்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. காயிலுக்கு உள்ளே எவ்வளவு பஞ்சு என்பதில் எல்லோரும் கவனமாக இருக்கிறோம். காயிலுக்கு வெளியே தொங்கும் இரண்டு வால்களில் எவ்வளவு பஞ்சு இருக்கிறது என்பதைத்தான் கவனிக்காமல் விடுகிறோம். கருகலும் ஒழுகலும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

இது ஏற்கெனவே வேப் பயன்படுத்தும் பெரியவர்களுக்காக எழுதியது. நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள். புகைப் பழக்கமே இல்லாத ஒருவர் இதைத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை.

திரி செய்யும் வேலை

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போலத்தான் இதுவும். பஞ்சின் இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் வழியாக லிக்விட் தானாக ஏறிக் காயிலைச் சேர்கிறது. அங்கே சூடாகி ஆவியாகிறது. ஆவியான இடத்தை நிரப்ப வாலிலிருந்து அடுத்த சொட்டு வருகிறது. இந்த ஓட்டம் அறுபடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறுந்தால் என்ன ஆகும்? லிக்விட்டின் அடிப்படைச் சேர்மானங்கள் இரண்டு. புரொப்பிலீன் கிளைக்கால் என்னும் பி.ஜி. 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தாவரக் கிளிசரின் என்னும் வி.ஜி. 290 டிகிரியில் கொதிக்கும். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை காயிலின் சூடு லிக்விட்டை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. அதனால் வெப்பம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. ஈரம் தீர்ந்த அந்த நொடியில் கம்பியின் சூடு மளமளவென்று ஏறும். 200 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பஞ்சு பழுப்பேறத் தொடங்கும். தொண்டையை அறுக்கும் அந்தக் கருகல் இழுப்பு இதுதான். அளவுக்கு மீறிச் சூடாகும் லிக்விட்டிலிருந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகளும் உண்டாகின்றன. ஆகவே கருகல் வாடை வந்தால், இன்னொரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டாம். அந்தப் பஞ்சின் ஆயுள் முடிந்தது. ஒருமுறை கருகிய இடம் மறுபடி லிக்விட்டைச் சரியாக உறிஞ்சாது.

இன்னொன்று: பி.ஜி. தண்ணீர் மாதிரி ஓடும், வி.ஜி. பாகு மாதிரி ஊரும். வி.ஜி. அதிகமுள்ள லிக்விட்டுக்கு இழைகளுக்கு நடுவே தாராளமான வழி வேண்டும், அதாவது பஞ்சு தளர்வாக இருக்க வேண்டும். பி.ஜி. அதிகமுள்ள லிக்விட்டுக்குப் பஞ்சைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால்தான் ஒழுகாது. லிக்விட்டை மாற்றிய அன்று பழைய திரி திடீரென்று சொல்பேச்சு கேட்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

வேண்டிய பொருட்கள்

முனை கூர்மையான சின்னக் கத்தரிக்கோல், பீங்கான் முனை உள்ள ட்வீசர், டெக்கின் (காயிலைத் திருகிப் பொருத்தும் தட்டு) திருகுகளுக்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர், மென்மையான பழைய டூத் பிரஷ், டிஷ்யூ, ஒரு தையல் ஊசி. காயிலின் மின்தடையை ஓம் அளவில் காட்டும் மாட் (பேட்டரியும் பட்டனும் உள்ள கைப்பிடி) இருந்தால் தனி ஓம் மீட்டர் தேவையில்லை. ட்வீசர் பீங்கானாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூடான காயிலைத் தொட்டாலும் அதன் வழியாக மின்சாரம் பாயாது.

பஞ்சைப் பொறுத்தவரை, வெளுக்காத சுத்தமான பருத்திதான் வேண்டும். பட்டையாகவோ தகடாகவோ வருவதில் எதை எடுத்தாலும் சரி. ஒப்பனை நீக்கப் பயன்படும் பஞ்சு உருண்டைகளில் சில பாலியெஸ்டரால் ஆனவை. அவற்றைத் தொடவே கூடாது, சூட்டில் உருகிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை பஞ்சைக் கிள்ளி நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டுகொள்ளும்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை பஞ்சில் ஏறினால் அந்த இடம் லிக்விட்டை எடுக்காது. வேலை முடிந்ததும் மறுபடி கழுவ வேண்டும், ஏனென்றால் நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் சேரும்.

பழைய பஞ்சை எடுப்பது

முதலில் டேங்க்கை மாட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். லிக்விட் மிச்சம் இருந்தால் தனியாக ஊற்றி வையுங்கள். மேல் மூடி, கண்ணாடி, ஆவி மேலே போகும் குழாயான சிமினி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் டெக் மட்டும் கையில் இருக்கும். பஞ்சின் ஒரு வாலைக் காயிலை ஒட்டி வெட்டிவிட்டு, மறுபக்க வாலைப் பிடித்து மெல்ல இழுங்கள். இரண்டு பக்கமும் அகலமாக இருக்கும்போது ஒன்றை வெட்டாமல் இழுத்தால் காயில் கோணிவிடும். பஞ்சு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு சொட்டு லிக்விட் விட்டு ஒரு நிமிடம் ஊறவிடுங்கள்.

பஞ்சை எடுக்காமல் காயிலைச் சூடாக்கி அதை எரித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பஞ்சு உண்மையிலேயே தீப்பிடித்து எரியும். மிஞ்சும் கரி கம்பி இடுக்குகளில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

கம்பியைச் சுத்தம் செய்வது

காயிலின் மேல் கறுப்பாக ஏறியிருப்பது பெரும்பாலும் இனிப்புச் சுவைக்காகச் சேர்க்கும் பொருட்களின் கரி. சுக்ரலோஸ் சேர்த்த இனிப்பு லிக்விட் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு மூன்று நாளிலேயே இந்தப் படிவம் தடித்துவிடும்.

இதை எடுக்க, டெக்கை மட்டும் மாட்டில் பொருத்தி, 10 முதல் 15 வாட் வரை வைத்து, இரண்டு மூன்று நொடி மட்டும் பட்டனை அழுத்தி விடுங்கள். மறுபடி அழுத்தி விடுங்கள். மங்கலான சிவப்பு தெரிந்தால் போதும், ஆரஞ்சு நிறத்துக்குப் போக வேண்டாம். புகை வரும், அதை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை நின்றதும் கழற்றி, முழுதாக ஆறவிட்டு, குழாய்த் தண்ணீரில் காட்டி பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். பிறகு டிஷ்யூவால் ஒற்றி, திருகு இடுக்குகளில் இருக்கும் தண்ணீரை ஊதி எடுத்து, நன்றாக உலரவிடுங்கள். மாட் மேல் இருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் காட்டக் கூடாது.

சிவந்த காயிலை அப்படியே தண்ணீரில் முக்குவது சிலருடைய வழக்கம். படிவம் சட்டென்று உதிரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திடீர் அதிர்ச்சியில் கம்பி வலுவிழக்கும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

இந்தச் சூடாக்கும் முறை எல்லாக் கம்பிக்கும் ஆகாது. காந்தல், நைக்ரோம், எஸ்.எஸ். 316எல் (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆகிய மூன்று கம்பி வகைகளுக்கும், அளவோடு செய்தால் சரி. டைட்டேனியத்தையும் சுத்த நிக்கலையும் இப்படிச் சிவக்கவிடவே கூடாது. அவற்றை வெறும் தண்ணீரிலும் பிரஷ்ஷிலும் கழுவுங்கள், இல்லையென்றால் புதுக் கம்பி போடுங்கள். உங்கள் கம்பி எந்த வகை என்றே தெரியவில்லை என்றாலும் இதே விதிதான். எஸ்.எஸ். கம்பியை வெப்பக் கட்டுப்பாட்டு முறையில் பயன்படுத்துகிறவர்கள், சுத்தம் செய்யும்போது வாட் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பஞ்சு போடும் முன் ஒரு சோதனை

டெக்கின் திருகுகள் சூட்டில் தளர்ந்திருக்கலாம். இறுக்குங்கள், ஆனால் கம்பி அறுந்துவிடும் அளவுக்கு வேண்டாம். காயிலின் எந்தச் சுற்றும் டெக்கையோ மூடியையோ தொடவில்லை என்று பாருங்கள். பிறகு குறைந்த வாட்டில் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நடுவில் சிவந்து இரண்டு ஓரங்களுக்கும் சமமாகப் பரவ வேண்டும். ஒரு ஓரம் மட்டும் முந்திக்கொண்டு சிவந்தால், பட்டனை விட்டுவிட்டு, ஆறிய பிறகு ட்வீசர் முனையால் சுற்றுகளை லேசாக வருடிவிடுங்கள். இரண்டு மூன்று தடவையில் சரியாகும்.

ஓம் அளவையும் பாருங்கள். காயிலை முதன்முதலில் கட்டியபோது காட்டிய அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 0.5 காட்டிய காயில் இப்போது 0.3 காட்டினால் எங்கேயோ ஷார்ட் ஆகிறது. காரணம் தெரியாமல் பட்டனை அழுத்தாதீர்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத மெக்கானிக்கல் மாட் வைத்திருப்பவர்களுக்கு இது உயிர் விஷயம். முழுதாக சார்ஜ் ஆன 4.2 வோல்ட் பேட்டரியில் 0.5 ஓம் காயில் 8.4 ஆம்பியர் இழுக்கும். அதே பேட்டரியில் 0.15 ஓம் என்றால் 28 ஆம்பியர். பேட்டரி தொடர்ந்து தாங்கும் ஆம்பியர் அதைவிடக் குறைவாக இருந்தால், சூடாகி வெடிக்கும் அபாயம் உண்டு. காயிலைச் சூடாக்கிச் சுத்தம் செய்யும் வேலையை மெக்கானிக்கல் மாட்டில் செய்யவே வேண்டாம்.

பஞ்சு கோப்பது

தகடாக வரும் பஞ்சில் இழைகள் ஒரே திசையில் ஓடும். இரண்டு ஓரத்தையும் பிடித்து மெல்ல இழுத்தால் எந்தப் பக்கம் எளிதாகப் பிரியாமல் நிற்கிறதோ, அதுதான் இழை ஓடும் திசை. அந்தத் திசையிலேயே பட்டையாக வெட்டுங்கள். மேல்புறமும் கீழ்ப்புறமும் மெல்லிய தோல் மாதிரி அழுத்தமான ஏடு இருந்தால் உரித்துவிடுங்கள், அது லிக்விட் ஓட்டத்தைத் தடுக்கும்.

எவ்வளவு அகலம்? 3 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள காயிலுக்கு சுமார் 1 சென்டிமீட்டர் அகலத்தில் தொடங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பஞ்சின் அடர்த்தியும் வேறு என்பதால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் விரல்தான் அளவுகோல். பட்டையின் ஒரு முனையை மட்டும் திரித்துக் கூராக்கி, ஒரு சொட்டு லிக்விட்டில் நனைத்து, காயிலுக்குள் நுழைத்து, மறுபக்கம் இழுங்கள். இழுக்கும்போது லேசான உரசல் தெரிய வேண்டும், ஆனால் காயில் அசையக் கூடாது. காயில் கூடவே நகர்ந்தாலோ, சுற்றுகள் விலகினாலோ பஞ்சு அதிகம். வெளியே எடுத்து ஓரத்தில் கொஞ்சம் உரித்துவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பஞ்சு குறைவு. அப்போது கம்பியின் மேல்பக்கம் பஞ்சைத் தொடாது, அந்த இடம் மட்டும் சூடேறிக் கருகும், சொட்டுகளும் தெறிக்கும்.

இந்த அளவு பிடிபட எனக்கு ஐந்தாறு தடவை ஆனது. லிக்விட் பட்டால் பருத்தி கொஞ்சம் உப்பும் என்பதை மறந்து, காய்ந்த நிலையிலேயே நிறைந்து நிற்கும்படி அடைத்துக்கொண்டிருந்தேன். காய்ந்திருக்கும்போது இன்னும் ஒரு இழை போகுமோ என்று தோன்றும் நிலைதான் சரியான நிலை. கோத்த பிறகு பஞ்சை ஒரு திசையில் முறுக்க வேண்டாம். முறுக்கினால் காயிலின் நடுவில் முடிச்சு மாதிரி இறுகி, அங்கே ஓட்டம் நின்றுவிடும்.

வால்களை வெட்டுவது

இங்கேதான் நிதானம் வேண்டும்.

டேங்க் வகையில், இரண்டு வால்களையும் நேராகப் பக்கவாட்டில் நீட்டி, டெக்கின் வெளி விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே வெட்டுங்கள். தொடக்கத்துக்கு இந்த நீளம் பெரும்பாலும் பொருந்தும். வெட்டிய பிறகு ஊசி முனையால் வால்களைச் சீவிவிடுங்கள், தலைமுடி சீவுவது போலவே. தளர்ந்த இழைகள் உதிர்ந்து வரும், வால் விசிறி மாதிரி விரியும். அப்புறம் வாலின் அடிப்புறத்திலிருந்து சாய்வாகக் கத்தரித்து, கடைசிப் பகுதியின் கனத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். காயிலுக்குள் நிறைவாக இருக்கும் பஞ்சு, கீழே போகப் போக மெலிந்துகொண்டே வர வேண்டும்.

மெலிந்த அந்த நுனியை லிக்விட் வரும் துளைகளின் வாய்க்குள் விடுங்கள். திணிக்கக் கூடாது, படுத்துக்கொள்ள விட்டால் போதும். துளையின் வாய் முழுதும் பஞ்சால் மூடியிருக்க வேண்டும், ஆனால் துளையின் அடிவரை அடைந்துவிடக் கூடாது. ஒரு மூலையில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு இடைவெளி விட்டால் அந்த வழியாக லிக்விட் வெள்ளமாகப் புகுந்து காற்றுத் துளையில் ஒழுகும். அழுத்தி அடைத்தால் ஓட்டம் நின்று கருகும். கருகல் வந்தவுடன் பஞ்சு போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை இன்னும் கூட்டிப் போடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான். நானும் அப்படித்தான் கூட்டிக்கொண்டே போனேன், கருகல் இன்னும் சீக்கிரமாக வந்தது. வாலைப் பாதியாக மெலித்த அன்றுதான் நின்றது.

ட்ரிப்பரில் இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. வால்கள் கீழே உள்ள கிண்ணத்தின் அடியைத் தொடும் நீளத்துக்கு வெட்டி, காயிலுக்கு அடியில் காற்று வரும் பாதையை மறைக்காமல் மடித்து வைத்தால் முடிந்தது. வலைத்தகடு பொருத்தும் மெஷ் டெக் என்றால் பஞ்சு கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். தகட்டின் ஒவ்வொரு பகுதியும் பஞ்சை அழுத்தித் தொட வேண்டும், தொடாத இடம் உடனே சிவந்து பஞ்சை எரிக்கும்.

நனைத்தல், மூடுதல், நிரப்புதல்

காயிலின் மேலும் இரண்டு வால்களின் மேலும் சொட்டுச் சொட்டாக லிக்விட் விடுங்கள். வெள்ளையாக இருக்கும் பஞ்சு கண்ணாடி மாதிரி ஆகும்வரை விட வேண்டும். எங்காவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே இன்னும் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு குறைந்த வாட்டில் ஒரு நொடி அழுத்தி, ஆவி சமமாக எழுகிறதா என்று பாருங்கள். இன்னும் இரண்டு சொட்டு விடுங்கள்.

டேங்க்கை மூடும்போது வால் நுனிகள் சிமினிக்கும் டெக்குக்கும் நடுவே சிக்கக் கூடாது. சிக்கினால் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் ஒழுகும். நிரப்பும் முன் காற்றுத் துளையை மூடிவிடுங்கள். மேல்மூடியைத் திருகி மூடும்போது உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் லிக்விட்டைக் கீழே தள்ளும். அதனால் மூடியபின் டேங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காற்றுத் துளையைத் திறந்து, பிறகு நிமிர்த்துவது நல்ல பழக்கம். ஐந்து பத்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். வழக்கமாக 40 வாட்டில் இழுப்பவர் முதல் சில இழுப்புகளை 25 வாட்டில் இழுத்து, மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

சரியாக வரவில்லை என்றால்

முதல் இழுப்பு நன்றாக இருந்து, தொடர்ந்து மூன்று நான்கு இழுத்தபின் கருகல் தட்டினால், ஓட்டம் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. வால்களை மெலிக்க வேண்டும், அல்லது வாட்டைக் குறைக்க வேண்டும். முதல் இழுப்பிலேயே கருகினால் நனைத்ததில் குறை, அல்லது பஞ்சு காயிலுக்குள் தளர்வு. இழுக்கும்போது கொடகொடவென்று சத்தம் வந்தால் லிக்விட் அதிகமாக உள்ளே புகுந்திருக்கிறது, துளை வாயில் எங்கோ இடைவெளி இருக்கிறது. டிஷ்யூவைச் சுற்றிப் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு உதறு உதறினால் தற்காலிகமாக நிற்கும். மறுபடி வந்தால் பிரித்து வாலைச் சரிசெய்வதுதான் வழி. முதல் சில இழுப்புகளில் பச்சைப் பஞ்சின் வாசனை வருவது சகஜம், அரை டேங்க் தீர்வதற்குள் போய்விடும். போகவில்லை என்றால் வேறு பஞ்சு வாங்கிப் பாருங்கள்.

எண்ணெய் கலந்த எதையும் இந்தக் காயில்களில் ஊற்றாதீர்கள். எண்ணெய் ஆவி நுரையீரலுக்குள் போகக் கூடாத ஒன்று.

கம்பியையே எப்போது மாற்றுவது? கழுவிய பிறகும் கரி விடாமல் ஒட்டியிருந்தால், சிவப்பு சமமாகப் பரவாமல் அடம்பிடித்தால், ஓம் அளவு தொடர்ந்து தள்ளாடினால், கம்பி எங்காவது மெலிந்து தெரிந்தால், அன்றைக்கே புதுக் காயில் போட்டுவிடுங்கள்.

எடுத்த பழைய பஞ்சை அப்படியே குப்பைக் கூடையில் போட வேண்டாம். நனைந்த பஞ்சில் நிகோடின் நிறைய இருக்கும், ஒரு குழந்தையோ நாயோ வாயில் வைத்தால் ஆபத்து. ஒரு சின்ன உறையில் போட்டு இறுக்கிக் கட்டி, மூடியுள்ள தொட்டியில், அவர்களுக்கு எட்டாத இடத்தில் போடுங்கள். லிக்விட் பாட்டிலையும் உடனே மூடி மேலே எடுத்து வைத்துவிட்டு, மேஜையைத் துடையுங்கள்.